திருவாலங்காட்டில் சார்க்ராட் சாப்பிடாதீர்கள்!

சார்க்ராட் என்றால் என்ன என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஜெர்மன்காரர்கள் முட்டைகோஸைப் பொடிப்பொடியாக நறுக்கி, உப்பு போட்டு, வாரக்கணக்கில் புளிக்க வைத்துச் சாப்பிடுகிற ஒரு சமாச்சாரம். திருவாலங்காட்டில் எந்தக் கடையிலும் கிடைக்காது. திருவள்ளூரிலும் கிடைக்காது. அரக்கோணத்தில் போய்க் கேட்டால் "எந்த வண்டிக்கு பார்ட்ஸ் சார்?" என்பார்கள். ஆனால் "ஹிஸ்டமின் ஒத்துக்கொள்ளாதவர்கள் தவிர்க்க வேண்டியவை" என்று நம்ம ஊர் ஆட்களுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிற காகிதத்தில் முதல் வரிசையில் நிற்பது அதுதான். பின்னாலேயே சலாமி, பார்மசான் சீஸ், சிவப்பு ஒயின், ஸ்ட்ராபெரி எல்லாம் வரிசை கட்டி வருகின்றன.

சிரிப்பு வருகிறதா? எனக்கும் வந்தது. மொத்தப் பட்டியலும் இப்படியே இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். சிக்கல், பாதிப் பட்டியல் நம் வீட்டிலும் இருக்கிற பொருள். தக்காளி, கத்திரிக்காய், மீன், தயிர், எலுமிச்சை, வாழைப்பழம், வேர்க்கடலை, பருப்பு வகைகள், புளிக்க வைத்த மாவு, கீரை. இதையெல்லாம் எடுத்துவிட்டால் வட தமிழ்நாட்டு வீட்டில் என்ன மிச்சம்? சோறும் உப்பும். ஒரு ஓரமாகக் கொஞ்சம் புடலங்காய்.

என் அக்கா நான்கு மாதம் அப்படித்தான் இருந்தாள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை, வாரம் முழுக்க ஹாஸ்டல், ஞாயிறு மட்டும் வீடு. சாப்பிட்டால் முகம் சிவக்கும், தலை இடிக்கும், தோலில் தடிப்பு, சில நாள் வயிற்றுப்போக்கு. ஒவ்வாமைக்கு இரத்தப் பரிசோதனை செய்தால் ஒன்றும் இல்லை என்று வருகிறது. எந்த டாக்டர், எந்த ஊர் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அவர் 3 நிமிஷத்தில் "உனக்கு ஹிஸ்டமின் பிரச்னைம்மா" என்று சொல்லி அந்தக் காகிதத்தை நீட்டிவிட்டார். 52 கிலோ இருந்தவள் 45 ஆனாள். ஹீமோகுளோபின் 8.9. "டேய், இதுல எதைத் துன்னலாம்னு எங்கியாவது போட்டிருக்கானா பாரு" என்று அவள் கேட்டபோதுதான் அந்தக் காகிதத்தை நான் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன். படித்த பிறகு வந்த கோபம்தான் இது.

முதல் கோபம் மொழிபெயர்ப்பு மேல். மூலத்தில் இருப்பது பாலக் கீரை, அந்த ஒரே ஒரு கீரை. அதில் ஹிஸ்டமின் கணிசமாக இருக்கும் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள், உண்மைதான். அது தமிழுக்கு வரும்போது என்ன ஆயிற்று? "கீரை" ஆயிற்று. வெறும் கீரை! முருங்கை, சிறுகீரை, அரைக்கீரை, முளைக்கீரை, பொன்னாங்கண்ணி எல்லாம் ஒரே வெட்டில் காலி. இவற்றுக்கும் பாலக்குக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. இரத்தம் குறைவாக இருக்கிற ஒரு பெண்ணின் தட்டிலிருந்து முருங்கைக்கீரையைப் பிடுங்கியது மருத்துவமா, அகராதிப் பிழையா?

சரி, கொஞ்சம் பாடம் பார்த்துவிடுவோம். (பயாலஜி பிடிக்காதவர்கள் இரண்டு பத்தி தாண்டிக் குதிக்கலாம்.) ஹிஸ்டமின் நம் உடம்பே செய்கிற பொருள். ஹென்றி டேலும் லெய்ட்லாவும் 1910-ல் அது உடம்பில் என்னென்ன செய்கிறது என்று ஆராய்ந்து எழுதினார்கள். இரத்தக் குழாய்களை விரிக்கும், தோலைத் தடிக்க வைக்கும், வயிற்றில் அமிலம் சுரக்க வைக்கும். உணவிலும் அது உண்டு. புரதத்தில் ஹிஸ்டிடின் என்று ஒரு அமினோ அமிலம் இருக்கிறது. சில வகை பாக்டீரியாக்கள் அதில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஹிஸ்டமின். சாப்பாட்டில் வருவதைக் குடலின் உள்சுவரில் இருக்கிற டயமின் ஆக்சிடேஸ் என்ற நொதி உடைத்துப் போட்டுவிடும். அந்த நொதி குறைவாக இருந்தாலோ, ஏதாவது மருந்து அதைக் கட்டிப் போட்டாலோ, உடைபடாத ஹிஸ்டமின் இரத்தத்தில் சேரும். அப்போதுதான் முகம் சிவப்பதும் தலை இடிப்பதும்.

இதில் ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். பாக்டீரியா. அதற்கு வேலை செய்ய நேரம் வேண்டும், சூடு வேண்டும். கானாங்கெளுத்தியைப் பிடித்த உடனே ஐஸில் போட்டு அப்படியே வைத்திருந்தால் அதில் ஹிஸ்டமின் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. அதே மீன் நம்ம ஊர் வெயிலில் அரை நாள் கிடந்தால் கிலோவுக்கு 1000 மில்லிகிராமைக்கூடத் தாண்டலாம். மீனின் பெயர் மாறவில்லை. மாறியது மணி. பட்டியலில் "மீன்" என்று ஒரு சொல்தான் இருக்கிறது, மணிக்கு அதில் இடமே இல்லை.

இன்னும் மோசம், ஒரு தடவை உண்டான ஹிஸ்டமினை எதுவும் அழிக்காது. கொதிக்க வைத்தாலும் போகாது, குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் போகாது, ஃப்ரீசரில் வைத்தால் மேலே கூடாது, அவ்வளவுதான். நாற்றம் வந்தால் கண்டுபிடிக்கலாமே என்பீர்கள். நாற்றம் வராமலேயும் ஏறியிருக்கலாம். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி, நெத்திலி, வஞ்சிரம் இதெல்லாம் ஹிஸ்டிடின் அதிகம் உள்ள கடல்மீன் கூட்டம். அதனால்தான் இந்த மீன்களால் வரும் நஞ்சுக்கு ஸ்காம்ப்ராய்டு விஷம் என்றே தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். இது நொதி குறைந்தவர்களுக்கு மட்டும் வருகிற சமாச்சாரமும் இல்லை. வியன்னாவில் 10 ஆரோக்கியமான பெண்களுக்கு 75 மில்லிகிராம் ஹிஸ்டமினைக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள், 2004-ல் வெளியான ஆய்வு அது. 5 பேருக்கு உடனடி அறிகுறி வந்தது. பாதிப் பேர்! கிலோவுக்கு 500 மில்லிகிராம் ஏறிய மீனில் 150 கிராம் சாப்பிட்டால் அதே 75 வந்துவிடுகிறது. கணக்கு போட்டுப் பாருங்கள்.

இப்போது திருவாலங்காட்டுக்கு வருவோம். கடல் இங்கே இல்லை. மீன் காசிமேட்டிலிருந்து வரும், அல்லது பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து. படகில் எத்தனை மணி நேரம், கரையில் எவ்வளவு நேரம், வேனில் ஐஸ் இருந்ததா, மார்க்கெட்டில் ஐஸ் மேலே இருந்ததா பக்கத்தில் இருந்ததா, பிறகு டி.வி.எஸ். 50-ல் கூடையில் எத்தனை தெரு சுற்றியது... இந்தச் சங்கிலியில் எங்கே அறுந்தாலும் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். காற்று 28 டிகிரிக்கு மேல் இருக்கிற இடத்தில் செத்த மீனை 6 மணி நேரத்துக்குள் ஐஸில் போட்டாக வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்கிறது. நமக்கு 28 டிகிரி என்பது மார்கழிக் கணக்கு.

ஆனால் இதே ஊரில் ஏரி மீன் உயிரோடு வருகிறது. விராலை அண்டாவில் நீந்த விட்டு, கேட்ட பிறகு அடித்துக் கொடுக்கிறார்கள். அடித்து ஒரு மணி நேரத்தில் குழம்பில். அதற்கும் ஹாஸ்டல் மெஸ்ஸில் இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்கு நடு ராத்திரியில் போடுகிற கானாங்கெளுத்திக்கும் பட்டியலில் ஒரே பெயர், ஒரே சிவப்பு அடையாளம். கும்மிடிப்பூண்டிதான் கடலுக்குப் பக்கம், திருவாலங்காடு தூரம். இருந்தும் அக்காவுக்கு ஒத்துக்கொண்ட மீன் இங்கே கிடைத்தது, ஒத்துக்கொள்ளாதது அங்கே. கிலோமீட்டரைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

"இதெல்லாம் கேஸ் பிரச்னை, டென்ஷன், ஹிஸ்டமின் கிஸ்டமின்னு ஒண்ணும் கிடையாது" என்கிற கட்சியும் இருக்கிறது. அவர்கள் சொல்வதில் பாதி நியாயம். இணையத்தில் படித்துவிட்டுத் தனக்கும் அதுதான் என்று நினைக்கிறவர்களில் பலருக்கு இருப்பது வேறு ஏதோ. உறுதியாகச் சொல்ல ஒரு இரத்தப் பரிசோதனையும் கிடையாது. ஜெர்மன் ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் 2017-லும், திருத்தி 2021-லும் வெளியிட்ட வழிகாட்டுதல்களே இதை ஒப்புக்கொள்கின்றன. இரத்தத்தில் அந்த நொதியை அளந்து முடிவு கட்டாதீர்கள் என்கின்றன. சரி, அப்புறம் என்ன செய்யச் சொல்கின்றன? என்ன சாப்பிட்டோம், என்ன ஆயிற்று என்று குறித்து வை. 10 முதல் 14 நாள் எளிமையான, புதிதாகச் சமைத்த உணவு. பிறகு ஆறு வாரம் வரை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார். கடைசியில் உனக்கு மட்டுமான சாப்பாட்டை முடிவு செய். எல்லோருக்கும் ஒரே தடைப் பட்டியல் வேண்டாம். ஆக, சார்க்ராட் சாப்பிடுகிற நாட்டு டாக்டர்களே கைவிடச் சொன்ன பட்டியலைத்தான் நாம் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறோம் :-)

பாட்டிக் கட்சியைச் சொல்லாவிட்டால் வீட்டில் சோறு கிடைக்காது. கத்திரிக்காய், கருவாடு, நண்டு எல்லாம் கரப்பான் பண்டம், அரிப்பு இருந்தால் தொடாதே என்பது பாட்டி வாக்கு. கருவாடு விஷயத்தில் பாட்டி பாஸ். பல நாள் காய்ந்த மீனுக்கு மேலே சொன்ன கணக்கெல்லாம் பொருந்தும். கத்திரிக்காயைப் பற்றி மைசூரில் 741 பேரிடம் ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டார்கள். அசல் ஒவ்வாமை இருந்தது மிகச் சிலருக்குத்தான். மற்றவர்களுக்கு வந்த அரிப்புக்குக் காயிலேயே இருக்கிற ஹிஸ்டமின் போன்ற பொருட்கள் காரணமாக இருக்கலாம் என்று கைகாட்டினார்கள். பாட்டி தன் கண்ணால் பார்த்ததை வைத்துச் சொன்னாள், அந்த மரியாதை அவளுக்கு உண்டு. ஆனால் அவளுடையதும் பெயர்ப் பட்டியல்தான். அவள் பார்த்தது அவள் வீட்டு ஆட்களை.

சாப்பிட்டதையும் நேரத்தையும் விசாரித்தே ஒரு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்த கதை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, இலங்கையில். 1970-களில் வெலிசறை மார்பு நோய் மருத்துவமனையில் டாக்டர் உரகொட பார்த்த காசநோயாளிகளில் சிலருக்குத் திடீர் திடீரென்று முகம் சிவப்பு, தலைவலி, படபடப்பு, வாந்தி. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதி மருந்தை மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். அதற்கு முன்னால் என்ன சாப்பிட்டார்கள் என்று பார்த்தபோது வந்த பதில் சூரை மீன், சிங்களத்தில் பலயா என்பார்கள். காசநோய்க்குக் கொடுக்கிற ஐசோனியசிட் மாத்திரை நான் மேலே சொன்ன அந்த நொதியைக் கட்டிப் போடும். மற்றவர்கள் தாங்குகிற அளவு ஹிஸ்டமின் இவர்களைப் படுக்க வைத்துவிடுகிறது. 1977-லும் 1980-லும் இது மருத்துவ இதழ்களில் வெளிவந்தது.

இது நமக்கு ஏன் முக்கியம் என்றால், காசநோயாளியை மருத்துவமனையில் படுக்க வைக்காமல் வீட்டிலேயே வைத்து இதே ஐசோனியசிட்டைக் கொண்டு குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டியது 1959-ல் வெளியான சென்னை ஆய்வு. சேத்துப்பட்டில் இன்றும் இருக்கிற நிறுவனத்தின் வேலை அது. வீட்டிலேயே மாத்திரை என்றால் வீட்டுச் சாப்பாட்டோடுதான் மாத்திரை. உங்கள் வீட்டில் யாராவது அந்த மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்து, மீன் சாப்பிட்டு முகம் சிவந்தால், தயவுசெய்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். என்ன மீன், எப்போது வாங்கியது என்று எழுதி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

எழுதுவது எப்படி? நாற்பது பக்க நோட்டு போதும். இதற்கென்று விற்கிற மொபைல் செயலிகளில் "தக்காளி" என்று தட்டினால் சிவப்பு விளக்கு எரிகிறது, ரசத்தில் போட்ட பாதித் தக்காளியா கிலோக்கணக்கில் சாஸா என்று அது கேட்பதே இல்லை. நோட்டில் எழுத வேண்டியது: என்ன, எவ்வளவு, எப்போது வாங்கியது, எப்போது சமைத்தது, எப்போது சாப்பிட்டது, அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது. கூடவே அன்றைய மாத்திரைகள், தூக்கம், பெண்களுக்கு மாதவிலக்கு நாள். கடைசியைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள், அந்த நொதியின் அளவு பெண்களுக்கு ஒரே மாதிரி இருப்பதில்லை. கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி அதைச் சில நூறு மடங்கு கூடச் சுரக்கிறது. இன்னொன்று, தினமும் சிட்ரிசினோ அவிலோ போட்டுக்கொண்டே எழுதினால் நோட்டு சுத்தமாகத்தான் இருக்கும். மாத்திரை அறிகுறியை மறைத்துவிடும், நீங்கள் சாப்பாட்டைப் பாராட்டிக்கொண்டிருப்பீர்கள். அதை எப்போது நிறுத்தலாம் என்று டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். தொண்டை வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ, மயக்கம் வந்தாலோ நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு 108-க்கு போன். குழந்தைகளை வைத்து இந்த வேலையைச் செய்யவே செய்யாதீர்கள்.

அக்கா ஒன்பது வாரம் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை விரால் நான்கு தடவை, ஒன்றும் இல்லை. மெஸ் கானாங்கெளுத்தி மூன்று தடவை, மூன்று தடவையும் ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து தலைவலி. முருங்கைக்கீரை, சிறுகீரை, தக்காளி ரசம், பருப்பு எதிலும் ஒன்றும் இல்லை. கத்திரிக்காய் புதிதோ பழசோ நாக்கு அரிக்கிறது, ஆக அது வேறு கணக்கு. வீட்டு மாவுத் தோசை பிரச்னை இல்லை. ஹாஸ்டலில் நாலு நாள் மாவு ஐந்தில் இரண்டு தடவை தடிப்பு, அந்த இரண்டும் இரவு ஷிப்ட் முடிந்த காலை. தோசையா தூக்கமா என்று இன்னும் தெரியவில்லை. மாவைப் புளிக்க வைக்கிற பாக்டீரியாவில் ஹிஸ்டமின் செய்கிற வகையும் உண்டு, செய்யாத வகையும் உண்டு. அதனால் "புளித்தது எல்லாம் விஷம்" என்று எழுதுகிறவனை நான் நம்ப மாட்டேன். இது அக்காவின் நோட்டு. உங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று யாராவது இதை ஜெராக்ஸ் எடுத்தால் நானே வந்து பிடுங்குவேன்!

இந்தப் பயத்தை வைத்துக் கடை விரித்திருக்கிறவர்களையும் ஒரு வார்த்தை. "இருநூறு உணவுக்கு ஒரே டெஸ்ட்" என்று பல ஆயிரம் ரூபாய்க்கு ஐ.ஜி.ஜி. பரிசோதனை விற்கிறார்கள். அது நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்று காட்டும், ஒத்துக்கொள்ளவில்லை என்று காட்டாது. ஐரோப்பிய ஒவ்வாமைச் சங்கம் 2008-லேயே இதைச் சொல்லிவிட்டது. இன்னொன்று நொதி மாத்திரை, வெளிநாட்டுச் சரக்கு. பெரும்பாலும் பன்றியின் சிறுநீரகத்திலிருந்து எடுப்பது. சுத்த சைவக்காரர்கள் டப்பாவைத் திருப்பிப் படிப்பது நல்லது.

எல்லாவற்றையும்விட எரிச்சல் தருவது இதுதான். நம் கடலில் பிடித்து ஐரோப்பாவுக்குப் போகிற மீனுக்கு அவர்கள் சட்டப்படி ஒரு சரக்குக்கு 9 மாதிரி எடுத்து ஹிஸ்டமின் பார்க்க வேண்டும். கிலோவுக்கு 200 மில்லிகிராமை ஒன்றுகூடத் தாண்டக் கூடாது, 100-க்கும் 200-க்கும் நடுவில் இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் மீனுக்கு வரம்பு இருக்கிறது. ஆனால் சிப்காட் மெஸ்ஸுக்கு வருகிற கூடையில் யார் 9 மாதிரி எடுக்கிறார்கள்? பரிசோதித்த மீன் அங்கே போகிறது, அவர்கள் தடைப் பட்டியல் இங்கே வருகிறது. ஷிப்ட் முடித்துச் சாப்பிட உட்காருகிற பெண்ணிடம் "உன் உடம்புதான் சரியில்லை, மீனை நிறுத்து" என்று சொல்வது எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது.

பரிசோதனைக்கூடம் கட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. மெஸ் வாசலில் கரும்பலகை ஏற்கெனவே இருக்கிறது, "இன்று: மீன் குழம்பு" என்று தினமும் எழுதுகிறார்கள். அதற்குப் பக்கத்தில் மீன் வாங்கிய நேரத்தையும், ஐஸில் இருந்ததா என்பதையும் சேர்த்து எழுதட்டும். அக்கா போன வாரம் மெஸ் கான்டிராக்டரிடம் இதைக் கேட்டாளாம். "ஏம்மா, மீனுக்கு ஜாதகமா எழுதச் சொல்ற?" என்று சிரித்திருக்கிறார். இந்த வாரம் அவளோடு சேர்ந்து இன்னும் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்கப் போகிறார்கள்.